கஞ்சா இடைநிறுத்தம்: உடலிலும் மனத்திலும் நேரும் விளைவுகள்

கஞ்சா இடைநிறுத்தம் என்பது, நாள்தோறும் அல்லது வாரத்தின் பெரும்பாலான நாட்களில் கஞ்சா புகைக்கும் ஒருவர் சில நாட்களுக்கோ வாரங்களுக்கோ அதை முற்றிலும் நிறுத்தி வைப்பதைக் குறிக்கும். நிரந்தரமாகக் கைவிடும் முடிவோடு தொடங்குவோர் உண்டு. உடல் பழகிப்போன அளவைக் குறைத்துவிட்டு மறுபடி புகைக்கும் எண்ணத்தோடு நிறுத்துவோரும் உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகம் தன் மாணவர்களுக்கென 21 நாள் இடைநிறுத்த வழிகாட்டி ஒன்றை உருவாக்கியிருக்கிறது. நோக்கம் எதுவானாலும் உடலுக்குள் நடப்பது ஏறக்குறைய ஒன்றே. முதல் இரண்டு வாரங்களில் தலைகாட்டும் தொல்லைகள் பெரும்பாலும் மூளை தன் பழைய நிலைக்குத் திரும்புவதன் அறிகுறிகள். அவற்றை அந்த மனிதரின் இயல்பு என்றோ, கஞ்சா இல்லாமல் அவரால் வாழ முடியாது என்பதற்கான சான்று என்றோ எடுத்துக்கொள்வது பிழை. இடைநிறுத்தத்தின் பயனை நான்காம் நாளில் அளக்க முடியாது, நான்காம் வாரத்தில்தான் முழுமையாக அளக்க முடியும் என்பதைக் கடந்த இருபதாண்டு கால ஆய்வுகள் ஒருங்கே காட்டுகின்றன.

இந்தச் செய்தி தென்மேற்கு இலண்டனின் மிச்சம் போன்ற ஓர் ஊருக்கு மிக நெருக்கமானது. மேர்ட்டன் பரோவுக்குள் அமைந்த மிச்சம், ஒரு காலத்தில் லாவண்டர், பெப்பர்மின்ட், சாமந்தி இனத்து மூலிகைகள் பயிராகும் வயல்களுக்குப் பெயர் பெற்றிருந்தது. 1980கள் முதல் இலங்கையின் போரிலிருந்து தப்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் பக்கத்திலுள்ள டூட்டிங், கோலியர்ஸ் வூட், குரொய்டன் ஆகிய இடங்களோடு சேர்த்து இங்கும் குடியேறின. அவர்களின் பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். பெற்றோர் கஞ்சா என்று சொல்வதைப் பிள்ளைகள் 'வீட்' என்கிறார்கள். இரண்டும் ஒரே செடியிலிருந்து வந்தாலும், இன்று இலண்டன் தெருக்களில் கிடைப்பது பெற்றோர் தலைமுறை ஊரில் கேள்விப்பட்ட பொருளைவிட மிகவும் வீரியமானது. இலண்டன் உள்ளிட்ட ஐந்து காவல்துறைப் பகுதிகளில் 2016இல் பிடிபட்ட கஞ்சாவை ஆராய்ந்தபோது, அதில் 94 சதவீதம் 'ஸ்கங்க்' எனப்படும் விதையில்லாப் பூக்கொத்து வகையாக இருந்தது. 2005இல் இது 51 சதவீதம்தான். போதை தரும் டி.எச்.சி. என்ற வேதிப்பொருள் அதில் சராசரியாக 14 சதவீதம் இருந்தது. அதன் கடுமையை ஓரளவு தணிக்கக்கூடும் என்று கருதப்படும் சி.பி.டி. ஏறக்குறைய இல்லவே இல்லை. எவ்வளவு வீரியமான பொருளுக்கு மூளை பழகியதோ, அதை நிறுத்தும்போது ஏற்படும் அதிர்வும் அந்த அளவுக்குப் பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

அந்த அதிர்வு எங்கிருந்து வருகிறது என்பதற்கு இன்று தெளிவான விளக்கம் உண்டு. 1964இல் இஸ்ரேலிய வேதியியலாளர் ரஃபேல் மெக்கோலம், யெஹியேல் காவோனியுடன் இணைந்து டி.எச்.சி.யைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டறிந்தார். 1992இல் அவருடைய ஆய்வுக்குழு, மூளை தானாகவே சுரக்கும் கஞ்சா போன்ற ஒரு பொருளைக் கண்டுபிடித்து, வடமொழியின் ஆனந்தம் என்ற சொல்லிலிருந்து அதற்கு 'ஆனந்தமைட்' என்று பெயரிட்டது. பசி, உறக்கம், அச்சம், நினைவு, வலி ஆகியவற்றைச் சீராக்கும் இந்த இயற்கை ஏற்பாடு சி.பி.1 என்ற ஏற்பிகள் வழியாக இயங்குகிறது. நாள்தோறும் வெளியிலிருந்து டி.எச்.சி. வந்து குவியும்போது மூளை அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கிறது. அதனால்தான் அதே மயக்கத்துக்கு மேலும் மேலும் அதிகம் தேவைப்படுகிறது. திடீரென்று நிறுத்தினால், வெளியிலிருந்து வந்ததும் இல்லை, உள்ளே சுரப்பதை ஏற்கப் போதுமான ஏற்பிகளும் இல்லை என்ற நிலை உருவாகிறது. இந்த இடைவெளியே விலகல் அறிகுறிகளுக்குக் காரணம். 2012இல் ஹிர்வோனென் குழுவினர் நாள்தோறும் புகைப்போரின் மூளையைப் பெட் ஸ்கேன் மூலம் பார்த்தபோது, மூளைப் புறணிப் பகுதிகளில் சி.பி.1 ஏற்பிகள் குறைந்திருந்தன. சுமார் நான்கு வாரம் நிறுத்திய பின் மீண்டும் பார்த்தபோது, ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி நீங்கலாக மற்ற இடங்களில் அவை இயல்பு நிலைக்கு வந்திருந்தன. 2016இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, இந்த மீட்சி இரண்டு நாட்களுக்குள்ளேயே தொடங்கிவிடுவதைக் காட்டியது. ஆகவே ஒருவர் மூன்றாம் நாள் இரவு தூங்க முடியாமல் புரண்டுகொண்டிருக்கும்போதே அவருடைய மூளை சீராகத் தொடங்கிவிட்டது.

விலகல் அறிகுறிகளின் காலவரிசையை ஒழுங்காகப் பதிவு செய்தவர்களில் ஒருவர் அமெரிக்க ஆய்வாளர் ஆலன் பட்னி. அவருடைய குழுவின் 2003ஆம் ஆண்டு ஆய்வின்படி, நிறுத்திய முதல் மூன்று நாட்களுக்குள் அறிகுறிகள் தொடங்குகின்றன. இரண்டாம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் இடையே உச்சத்தைத் தொடுகின்றன. பெரும்பாலானவை இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. எரிச்சல், சட்டென்று வரும் கோபம், பதற்றம், இருப்புக் கொள்ளாமை, உறக்கமின்மை, பசியின்மை, மனச்சோர்வு ஆகியவை முதன்மையானவை. வயிற்றுவலி, நடுக்கம், வியர்வை, குளிர்காய்ச்சல், தலைவலி ஆகியவற்றில் ஒன்றோ இரண்டோ உடன் வரலாம். கடுமையாகப் பழகிய சிலருக்கு இரத்த அழுத்தம் குறிப்பிடத்தக்க அளவு ஏறுவதும் பதிவாகியிருக்கிறது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் தன் ஐந்தாவது நோயறிதல் கையேட்டில் கஞ்சா விலகலைத் தனி நோய்நிலையாகச் சேர்த்தது. அதுவரை அதை நம்பாத மருத்துவர்கள் பலர் இருந்தார்கள். டி.எச்.சி. கொழுப்பில் கரைந்து தங்கும் பொருள். அது மெல்ல மெல்லவே உடலை விட்டு வெளியேறுகிறது. அதனால் ஹெராயின், மதுபானம் போன்றவற்றை விடும்போது நிகழும் தெளிவான முறிவு இங்கே தெரிவதில்லை. அறிகுறிகள் மந்தமாகத் தொடங்கி, காரணம் இன்னதென்று உணர முடியாதபடி ஒருவரின் மனநிலைக்குள் கரைந்துவிடுகின்றன.

உறக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இடைநிறுத்தத்தை முறிக்கும் காரணங்களில் இது முன்வரிசையில் நிற்கிறது. கஞ்சா பிடித்தால் சீக்கிரம் தூக்கம் வருகிறது என்பது உண்மை. ஆனால் அது கனவு காணும் உறக்கக் கட்டத்தை அமுக்கி வைக்கிறது. நிறுத்தியதும் அமுங்கியிருந்த அந்தக் கட்டம் பெருகி வருகிறது. அப்போது கனவுகள் மிகத் துல்லியமாக, சில வேளை அச்சமூட்டும் விதத்தில் வருகின்றன. நள்ளிரவில் வியர்த்து விழிப்பு தட்டுகிறது. கோபமும் பசியின்மையும் இரண்டாம் வாரத்தில் தணிந்த பிறகும் உறக்கக் கோளாறு மட்டும் ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கலாம். இந்தக் கட்டத்தில் ஒருவர் "எனக்கு எப்போதுமே தூக்கப் பிரச்சினை இருந்தது, கஞ்சாதான் அதற்கு மருந்து" என்ற முடிவுக்கு வருகிறார். ஒரு முறை புகைத்ததும் தூக்கம் வந்துவிடுவதால் அந்த முடிவு உறுதிப்படுகிறது. உண்மையில் அவர் போக்கிக்கொண்டது விலகல் அறிகுறியை. பழைய தூக்கப் பிரச்சினை அங்கே இருந்ததா இல்லையா என்பது இன்னும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, அறிகுறி அடங்கும் வரை பொறுத்திருந்து பார்ப்பதுதான். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் இதே தர்க்கம் பொருந்தும்.

ஐக்கிய இராச்சியத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே கஞ்சா புகைப்போர் பெரும்பாலும் அதைப் புகையிலையோடு கலந்தே சுருட்டுகிறார்கள். சிகரெட்டே பிடிக்காதவன் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் இளைஞனும் நாளுக்கு மூன்று நான்கு முறை இப்படிப் புகைத்தால் நிக்கோட்டினுக்கு அடிமையாகிவிடுகிறான். அவன் கஞ்சாவை நிறுத்தும் நாளில் இரண்டு பொருட்களிலிருந்து ஒரே நேரத்தில் விலகுகிறான். எரிச்சல், உறக்கமின்மை, கவனச்சிதறல் ஆகியவை இரண்டிலும் பொதுவானவை என்பதால், எந்தத் தொல்லை எதனால் வருகிறது என்று அவனால் பிரித்தறிய முடியாது. நிக்கோட்டின் ஒட்டுத்தாள் போன்ற மாற்றுச் சிகிச்சையை முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொண்டால் சுமையை ஓரளவாவது குறைக்க முடியும். கஞ்சாவை நிறுத்தும் ஆலோசனைகளில் இது முதல் வரியில் இருக்க வேண்டியது. பல இடங்களில் இது விடுபட்டுப்போவது வருத்தத்துக்குரியது.

தொல்லைகளைத் தாண்டி வருவோருக்கு என்ன கிடைக்கிறது? நினைவாற்றலில்தான் மிகத் தெளிவான சான்று இருக்கிறது. 2018இல் ராண்டி ஷூஸ்டர் குழுவினர் பாஸ்டன் பகுதியில் 16 முதல் 25 வயதுக்குட்பட்ட 88 பேரை ஒரு மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஊக்கத்தொகை கொடுத்துக் கஞ்சாவை நிறுத்தச் செய்தார்கள். நிறுத்தியவர்களின் கற்றுக்கொள்ளும் திறன் முதல் வாரத்திலேயே மேம்பட்டது. கவனத்திறனில் அப்படி மாற்றம் தெரியவில்லை. அதற்கு முன்பே, 2001இல் ஹாரிசன் போப் வெளியிட்ட ஆய்வில், வாழ்நாளில் குறைந்தது 5,000 முறை புகைத்தவர்கள் ஏழாம் நாள் வரை நினைவுத் தேர்வுகளில் பின்தங்கியிருந்தார்கள். 28ஆம் நாளில் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே வேறுபாடு இல்லை. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 பேரைத் தொடர்ந்துவரும் ஆய்வு மட்டும் சற்றுக் கவலை தருகிறது. பதின்ம வயதில் தொடங்கி நீண்ட காலம் பழகியவர்களுக்கு அறிவுத்திறன் ஈவு சராசரியாக 8 புள்ளி வரை குறைந்திருந்ததாகவும், பின்னாளில் நிறுத்தியபோதும் அது முழுமையாகத் திரும்பவில்லை என்றும் 2012இல் அது அறிவித்தது. குடும்பச் சூழலின் தாக்கத்தை அந்த ஆய்வு சரியாகக் கழிக்கவில்லை என்ற எதிர்வாதம் வலுவானது. இரட்டையர் ஆய்வுகள் அந்த எதிர்வாதத்துக்கே துணை நிற்கின்றன. அதே டனீடின் ஆய்வு உடல்நலத்தில் ஒரு நல்ல செய்தியையும் தந்தது. கஞ்சாவை விட்டவர்களின் இருமலும் சளியும் மூச்சிரைப்பும் புகைக்காதவர்களின் அளவுக்கு இறங்கின. நீண்ட காலம் புகைப்போரில் சிலருக்கு ஓயாத வாந்தி வரும். சுடுநீரில் குளித்தால் மட்டுமே அது சற்று அடங்கும். 2004இல் ஆஸ்திரேலியாவில் முதன்முதலில் விவரிக்கப்பட்ட இந்த நோய்க்கு நிலையான தீர்வு கஞ்சாவை நிறுத்துவது ஒன்றுதான்.

மனநலத்தைப் பொறுத்தவரை தென் இலண்டன் உலகின் முக்கிய ஆய்வுக்களங்களில் ஒன்று. மார்த்தா டி ஃபோர்ட்டி, ராபின் மரே ஆகியோரின் குழு, மிச்சத்தை அடுத்துள்ள குரொய்டனும் அடங்கிய மோட்ஸ்லி மருத்துவ அறக்கட்டளைப் பகுதியில், முதன்முறையாக உளப்பிறழ்வு நோய்க்கு உள்ளான 410 பேரை நலமாக உள்ள 370 பேரோடு ஒப்பிட்டது. 2015இல் வெளிவந்த முடிவின்படி, நாள்தோறும் ஸ்கங்க் புகைத்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு, கஞ்சாவே தொடாதவர்களைவிட ஐந்து மடங்குக்கும் அதிகம். அப்பகுதியின் புதிய நோயாளிகளில் 24 சதவீதம் பேரின் நோயை வீரியமிக்க கஞ்சாவோடு தொடர்புபடுத்த முடிந்தது. இடைநிறுத்தத்தைப் பற்றிப் பேசும்போது இதைவிட முக்கியமானது நோய் வந்த பிறகு என்ன ஆகிறது என்பது. 24 ஆய்வுகளில் இருந்த 16,565 பேரின் தரவுகளைத் தொகுத்து 2016இல் தபெயா ஷோலர் குழுவினர் வெளியிட்ட பகுப்பாய்வு, நோய்க்குப் பின்னும் தொடர்ந்து புகைத்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதலாக இருந்ததைக் காட்டியது. நிறுத்தியவர்களுக்கோ ஒருபோதும் புகைக்காத நோயாளிகளைவிட அந்த வாய்ப்பு கூடவில்லை. கடந்த காலத்தில் எவ்வளவு புகைத்திருந்தாலும் நிறுத்துவதால் எதிர்காலப் போக்கு மாறக்கூடும் என்பதே இதன் பொருள். ஒரு குடும்பத்துக்குச் சொல்வதற்கு இதைவிட நம்பிக்கையான செய்தி இந்தத் துறையில் அதிகம் இல்லை.

இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, கஞ்சா அடிமைப்படுத்தாது, எனவே விலகல் என்பதே மிகை என்பது. 2020இல் 47 ஆய்வுகளைத் தொகுத்த ஒரு பகுப்பாய்வு, அடிக்கடி பயன்படுத்துவோரில் சராசரியாக 47 சதவீதத்தினருக்கு விலகல் அறிகுறிகள் வருவதாகக் கணக்கிட்டது. ஆனால் அந்தச் சராசரிக்குள் பெரிய வேறுபாடு ஒளிந்திருக்கிறது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவோரில் அது 87 சதவீதம்; பொது மக்களிடையே 17 சதவீதம்தான். ஆகவே மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. எப்போதாவது புகைப்பவருக்கு எதுவும் நேராமல் போகலாம். அந்த அனுபவத்தை வைத்து நாள்தோறும் புகைக்கும் நண்பனைக் கேலி செய்வதுதான் தவறு. வயதும் இதில் பேசுகிறது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி நடத்திய 'கான்டீன்' ஆய்வில், 16-17 வயதுப் பயனர்கள் கடுமையான சார்புநிலைக்கு உள்ளாகும் வாய்ப்பு 26-29 வயதுப் பயனர்களைவிட மூன்றரை மடங்காக இருந்தது. பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றில் பதின்ம வயதினர் கூடுதல் பாதிப்பு அடையவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது.

இரண்டாவது மறுப்பு, சான்றுகளின் தரத்தைப் பற்றியது. நிறுத்த ஒப்புக்கொள்பவர்கள் முன்பே மன உறுதி கூடியவர்களாக இருக்கலாம். நோயாளிகளில் நோய் லேசாக இருப்பவர்களுக்கு நிறுத்துவது எளிதாக இருக்கலாம். அப்படியானால் நலம் பெறுவதற்கு இடைநிறுத்தம் காரணமா, துணை மட்டுமா? உளப்பிறழ்வு ஆய்வுகளில் இந்த ஐயம் முழுமையாக நீங்கவில்லை. ஷூஸ்டரின் ஆய்வில் பங்கேற்றவர்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டதால் நினைவாற்றல் குறித்த முடிவு உறுதியாக நிற்கிறது. ஏற்பிகளின் மீட்சியை ஸ்கேனில் நேரடியாகவே பார்க்க முடிகிறது. மூன்றாவது மறுப்பு, மீண்டும் தொடங்கத்தான் போகிறோம் என்றால் நிறுத்திப் பயன் என்ன என்பது. குறுகிய இடைவெளிகூடத் தன்னைப் பற்றிய ஒரு தகவலைத் தருகிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பத்து நாளில் முடித்துக்கொள்பவர் விலகலின் தொல்லையை மட்டும் அனுபவித்துவிட்டு, அதன் பிறகு வரும் தெளிவைப் பார்க்காமலேயே திரும்பிவிடுகிறார். அவருக்குக் கிடைத்த அனுபவம் இடைநிறுத்தத்தின் மோசமான பகுதி மட்டுமே. திரும்பத் தொடங்குவோருக்கு வேறோர் ஆபத்தும் காத்திருக்கிறது. உடலின் தாங்குதிறன் இறங்கியிருப்பதால், பழைய அளவை அப்படியே எடுத்தால் கடும் பதற்றமும் நெஞ்சுப் படபடப்பும் தற்காலிக மனப்பிரமையும் வரக்கூடும்.

மேலும் சில நடைமுறைச் செய்திகள் மிச்சத்தில் வாழ்பவருக்குத் தேவைப்படும். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2015 மார்ச் முதல் ஒரு லீட்டர் இரத்தத்தில் 2 மைக்ரோகிராமுக்கு மேல் டி.எச்.சி. இருந்தால் வாகனம் ஓட்டுவது குற்றம். நெடுநாள் பழகியவரின் கொழுப்பிலிருந்து டி.எச்.சி. கசிந்துகொண்டே இருப்பதால், நிறுத்திச் சில நாட்களான பின்னும் அந்த அளவைத் தாண்ட வாய்ப்புண்டு. சிறுநீரில் பல வாரங்களுக்கு அதன் தடயம் தெரியும். வாடகைக் கார் ஓட்டியோ வீடுகளுக்கு உணவு கொண்டு சேர்த்தோ பிழைப்பவர்களுக்கு இது வாழ்வாதாரப் பிரச்சினை. மருந்தைப் பொறுத்தவரை, விலகலுக்கென்று உறுதியாக நிறுவப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. 2020இல் டாம் ஃப்ரீமன் குழுவினர் இலண்டனில் நடத்திய சோதனையில், நாளொன்றுக்கு 400 அல்லது 800 மில்லிகிராம் சி.பி.டி. எடுத்தவர்களின் கஞ்சாப் பயன்பாடு குறைந்தது. 200 மில்லிகிராம் பலிக்கவில்லை. கடைகளில் விற்கும் சி.பி.டி. எண்ணெய்களில் ஒரு நாளைக்குரிய அளவு இதற்கு வெகு கீழே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. உளப்பிறழ்வு நோயாளிகளுக்கு ஊக்கப் பரிசு கொடுத்து நிறுத்தச் செய்யும் முறையை 551 பேரிடம் சோதித்த 'சர்க்கிள்' ஆய்வும் 2019இல் ஏமாற்றமான முடிவையே தந்தது. ஏற்கெனவே நோயோடு போராடுபவருக்குப் பரிசு மட்டும் போதாது என்று அதிலிருந்து தெரிகிறது.

தனியாக நிறுத்தக் கூடாதவர்களும் உண்டு. குளோசாபின், ஓலன்சாபின் ஆகிய மருந்துகளை எடுப்பவர்களின் கல்லீரல், புகையின் தாக்கத்தால் அம்மருந்துகளை வேகமாகச் சிதைக்கப் பழகியிருக்கும். புகை நின்றதும் அந்த வேகம் குறைந்து, அதே மாத்திரையின் அளவு இரத்தத்தில் ஆபத்தான உயரத்துக்கு ஏறலாம். அவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். மதுவுக்கோ தூக்க மாத்திரைக்கோ அடிமையானவர்கள், 'ஸ்பைஸ்' எனப்படும் செயற்கைக் கஞ்சாவுக்குப் பழகியவர்கள் ஆகியோருக்கு விலகலின்போது வலிப்பு வரக்கூடும். இயற்கைக் கஞ்சாவை மட்டும் புகைத்தவருக்கு அந்த அச்சம் இல்லை. அவர் ஒரே நாளில் நிறுத்தினாலும் படிப்படியாகக் குறைத்தாலும் உயிராபத்து இருப்பதில்லை.

தமிழ்க் குடும்பங்களில் முதல் வாரத்தின் கோபமே பெரிய விபத்தாக முடிகிறது. மகன் நிறுத்திவிட்டேன் என்று சொன்ன நான்காம் நாளில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறான், இரவெல்லாம் நடமாடுகிறான், தாயிடம் எரிந்து விழுகிறான். அதைப் பார்க்கும் பெற்றோர் அவன் முன்னைவிடக் கெட்டுப்போனதாகவோ, பொய் சொல்வதாகவோ முடிவெடுப்பது இயல்பு. அந்த நான்காம் நாள் உச்சத்தின் நாள் என்று முன்பே தெரிந்திருந்தால் வாக்குவாதத்தை இரண்டு வாரம் ஒத்திப்போட முடியும். பிள்ளையை ஊருக்கு அனுப்பி வைத்தால் சரியாகிவிடும் என்ற எண்ணத்துக்கும் வலுவான அடிப்படை இல்லை. பாக்கு நீரிணை வழியாகக் கடத்தப்படும் கேரளக் கஞ்சாவை இலங்கைக் கடற்படை வடக்குக் கரையோரங்களில் அடிக்கடி கைப்பற்றி வருகிறது. அங்கே பொருளும் கிடைக்கும், இங்குள்ள மருத்துவத் தொடர்பும் அறுந்துபோகும். இங்கிலாந்தில் போதைப்பொருளுக்காகச் சிகிச்சை பெறும் 18 வயதுக்குட்பட்டோரில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவர்கள் கஞ்சாவுக்காகவே வருகிறார்கள் என்பதால், சேவைகளுக்கு இது பழக்கமான சிக்கல்தான். குடும்ப மருத்துவரிடம் போகலாம். கேட்டுக்கொண்டால் தேசிய மருத்துவ சேவை கட்டணமின்றித் தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும். கஞ்சா 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 'பி' வகுப்புப் பொருளாக இருந்தாலும், சிகிச்சை கேட்டு வருபவரைப் பற்றி மருத்துவர் பொதுவாகக் காவல்துறைக்குத் தெரிவிப்பதில்லை. குரல்கள் கேட்பது, யாரோ பின்தொடர்வதாக உறுதியாக நம்புவது, தற்கொலை எண்ணம் ஆகியவை தலைகாட்டினால் இரண்டு வாரம் பொறுத்திருக்கும் கணக்கு செல்லாது. அன்றைக்கே டூட்டிங்கிலுள்ள செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.